பாவற்கன்றுகளின் தலையைக் கிள்ளிய நாள்

நாங்கள் புலம்பெயர்ந்து வந்த நோர்பரியில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் நாலு கட்டில் போடக்கூடிய இடம் இருந்தது. மாமா அதை வளவு என்றுதான் சொல்வார். அம்மாவின் தம்பியான அவர் எங்களோடு வந்து தங்கிய பிறகு அங்கே புல்லுக்கு இடமில்லாமல் போயிற்று. முதல் வருஷம் ஏப்ரலில் இரண்டு நாள் எறித்த வெயிலை நம்பிப் பாவற்கன்றுகளை நிலத்தில் நட்டு, மூன்றாம் நாள் பனிக்கு அத்தனையையும் பறிகொடுத்தவர் அவர். யாழ்ப்பாணத்து வெயில் இப்படி ஏமாற்றாது என்று அதற்கு விளக்கமும் சொன்னார். அதற்குப் பிறகு மே மாதம் முழுவதும் கன்றுகளுக்கு ராசோபசாரம்தான். காலையில் சட்டிகளை வெளியே கொண்டுபோய் வைப்பதும், பொழுதுபட முன்னர் உள்ளே தூக்கி வருவதுமாக இருப்பார். அவை மெல்ல மெல்லக் குளிருக்குப் பழக வேண்டுமாம்.

எனக்கு அப்போது ஒன்பது வயது. மே கடைசியில் பள்ளிக்கூடம் ஒரு கிழமை விடுமுறை. அந்தக் கிழமையில் ஒருநாள் மாமா குரோய்டன் குடிவரவு அலுவலகத்துக்குக் கையெழுத்து வைக்கப் போகவேண்டியிருந்தது. மாதாமாதம் போய் வருகிறவர்தான். ஆனால் அந்த முறை அவருடைய அகதி வழக்கு தோற்றிருந்தது. அப்படிப் போன சிலரை அங்கேயே மறித்துவைத்து ஊருக்குத் திருப்பி அனுப்பியிருந்தார்கள். இதெல்லாம் பெரியவர்கள் குரலைத் தாழ்த்திப் பேசிக்கொண்டவை. நான் கண்டது, மாமா மாற்றுடுப்பு வைத்த ஒரு பையோடு புறப்பட்டதைத்தான்.

போகுமுன் வளவு வேலைகளை என்னிடம் ஒப்படைத்தார். உருளைக்கிழங்குக்கு மண் அணைக்க வேண்டும். பயற்றங்கொடிக்குத் தடி ஊன்ற வேண்டும். யூன் மாதம் பிறந்த பிறகுதான் பாவலை நிலத்தில் நட வேண்டும்.

"தக்காளியில இலைக்கும் தண்டுக்கும் நடுவில, கக்கத்தில வாற குருத்தை மட்டும் இண்டைக்குக் கிள்ளிவிடு பிள்ளை. தலையில கை வைச்சிடாதை."

"யூனில நீங்கள் நடமாட்டீங்களோ மாமா?"

"நான்தான் நடுவன். எண்டாலும் கேட்டு வை."

கிள்ளுவதில் ஒரு ருசி இருக்கிறது. பத்து நிமிஷத்தில் தக்காளி முடிந்துவிட்டது, விரல் மட்டும் அடங்கவில்லை. பக்கத்தில் பன்னிரண்டு பாவற்கன்றுகள் வெயில் காய்ந்துகொண்டிருந்தன. அவற்றின் கக்கத்தில் ஒன்றும் காணவில்லை, உச்சியில்தான் பசுமையாகக் குருத்து இருந்தது. பன்னிரண்டையும் கிள்ளிய பிறகுதான் நிமிர்ந்து பார்த்தேன். தக்காளிக்கெல்லாம் தலை இருந்தது, பாவலில் ஒன்றுக்குக்கூட இல்லை. உள்ளே ஓடினேன்.

"அம்மா, பாவலையும் கிள்ளிப்போட்டன்."

"ஓம், ஓம்" என்ற அம்மா என்னைப் பார்க்காமல் மணிக்கூட்டைப் பார்த்தார்.

பிள்ளையார் படத்துக்கு முன்னால் போய் நின்றேன். அம்மா காலையில் ஏற்றிய விளக்கு மத்தியானம் தாண்டியும் எரிந்துகொண்டிருந்தது. அவர் அன்று அதற்கு எத்தனை தடவை எண்ணெய் விட்டாரோ தெரியாது. இன்றைக்கு மாமா வீட்டுக்கு வரவே கூடாது அப்பனே என்று கண்ணை இறுக மூடிக் கேட்டேன். ஒரு மாதம் கழித்து வரட்டும், அதற்குள் குருத்து வந்துவிடும் என்றும் சேர்த்துக் கேட்டுக்கொண்டேன்.

நாலரைக்குக் கதவு திறந்தது.

"விட்டிட்டாங்கள் அக்கா. அடுத்த மாதமும் வரட்டாம்" என்ற மாமாவின் குரல் கேட்டது.

மாமா பையைக்கூட இறக்காமல் நேரே வளவுக்கு வந்தார். சட்டிகளைக் குனிந்து பார்த்தார். நான் குற்றவாளியாக நின்றேன். அவரோ சிரிக்கத் தொடங்கினார், சிரித்துக்கொண்டே இருந்தார்.

"தலையைக் கிள்ளினா பாவல் பக்கத்தால கிளைக்கும் பிள்ளை. உன்ரை புண்ணியத்தில இந்த முறை காய் தின்னத் தின்னத் தீராது."

பின்னால் வந்த அம்மா வாசற்படியில் உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டு விம்மி விம்மி அழுதார். பாவலுக்குத்தான் அழுகிறார் என்று எண்ணி, புது விதை போட்டுத் தாறன் அம்மா என்று நானும் அழுதேன்.

மாமாவுக்குப் பின்னர் விசா கிடைத்துவிட்டது. இப்போது ஹரோவில் பெரிய வளவோடு இருக்கிறார், மே மாத வெயிலை இன்னும் நம்புவதில்லை. அன்று நான் கேட்டது என்னவென்று இன்றுவரை அவருக்குச் சொல்லவில்லை. நினைத்தால் இப்போதும் நெஞ்சு பதறி, பிறகுதான் ஆறுகிறது. அன்றைக்கோ, பிள்ளையார் நான் கேட்டதைத் தரவில்லையென்ற கோபம் மட்டுமே எனக்கு இருந்தது. இரண்டு நாள் அவரைக் கும்பிடவேயில்லை.