அளவான கோபம்

தண்டையார்பேட்டையில் வீட்டிலேயே நைட்டி தைத்துக் கொடுக்கும் ஷம்ஷாத்துக்கு மூக்கு நுனியில் கோபம். கூடவே நெஞ்சுப் படபடப்பு, ஓயாத வியர்வை. தைராய்டு அளவுக்கு மீறிச் சுரக்கிறது என்று சொல்லி, ஆஸ்பத்திரியில் அந்தச் சுரப்பியையே அறுவை செய்து எடுத்துவிட்டு, தினமும் போட்டுக்கொள்ள மாத்திரை கொடுத்தார்கள்.

அதன் பிறகு அவர் குரல் உயரவே இல்லை. "இப்பதான் வூடு வூடா கீது" என்று கணவர் லியாகத் அலி சந்தோஷப்பட்டார். ஆனால் கொளுத்தும் வெயிலிலும் ஷம்ஷாத் போர்வை கேட்டார். மெஷின் முன்னால் உட்கார்ந்தபடியே தூங்கி வழிந்தார். மகள் ஆஃபியாதான் சந்தேகப்பட்டு டாக்டரிடம் அழைத்துப் போனாள். ரத்தத்தில் ஹார்மோன் மிகவும் குறைந்திருந்தது. டாக்டர் மாத்திரையின் அளவைக் கூட்டினார்.

சில வாரங்களில் தையல் மறுபடி வேகம் பிடித்தது. ஒருநாள், தைத்து அடுக்கியிருந்த நைட்டிகள் மேல் லியாகத் அலி ஈரத் துண்டைப் போட்டுவிட்டார். ஷம்ஷாத் போட்ட சத்தத்தில் அவர் அரண்டுபோனார்.

"இன்னாமே, மாத்திரை ஜாஸ்தியாயிடுச்சா?"

"நேத்துதான் டெஸ்ட் பாத்தாங்க, எல்லாம் கரீட்டா கீது. இது என் சொந்தக் கோவம். துண்ட எடுய்யா!"

அவர் எடுத்தார். கத்தி முடித்தும் ஷம்ஷாத்துக்கு நெஞ்சு படபடக்கவில்லை. அடுத்த நைட்டியைத் தைக்க உட்கார்ந்தார்.