அப்பாவைச் சிரிக்க வைக்காத வேலை

நோயாளிக்குத் துணையிருக்கும் வேலையில் சம்பளமும் கிடையாது, லீவும் கிடையாது. இதில் மாட்டியவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. எங்கள் தேயிலைத் தோட்டத்தில் என் வாயில் வராத குரல் இல்லை. துரை, கணக்கெழுதும் கிராணி, வேலை வாங்கும் கங்காணி, கம்போங் ராஜா ஊருக்குப் போகும் காய்கறி லோரியின் ஹாரன்கூட வரும். அதனால் இதில் ஒரு சிரிப்பு உண்டு. கடைசியில்தான். எனக்கே அப்படித்தான் கிடைத்தது.

தடை

அப்பா தேயிலைச் செடிக்குக் கவாத்து வெட்டுகிறவர். வலது நுரையீரலில் புற்றுநோய். ஈப்போ ஆஸ்பத்திரியில் ஆபரேஷன். நெஞ்சைப் பிளக்காமல், விலாவில் சின்னத் துளைகள் போட்டு, கேமரா விட்டு, கெட்ட பகுதியை எடுத்துவிட்டார்கள். மறுநாளே நாற்காலியில் உட்கார வைத்தார்கள். நான் டாக்டர் குரலில், எங்கே நடங்க பார்ப்போம் என்றேன். சிரிக்கப் போன அப்பா விலாவைப் பிடித்துக்கொண்டு அழுதுவிட்டார். நர்ஸ் அக்கா என்னை வெளியே தள்ளிக்கொண்டு போனார்.

"இருமினாலும் சிரிச்சாலும் தலகாணிய நெஞ்சோட அணைச்சுக்கணும். அவருக்கு அது பழகுற வரைக்கும் நீ வாயப் பொத்திக்கிட்டு இரு லா."

மூணு பந்து

ஒரு பிளாஸ்டிக் டப்பா கொடுத்தார்கள். குழாயில் மூச்சை இழுத்தால் உள்ளே மூன்று பந்தும் மேலே ஏற வேண்டும். தினமும் நடக்கவும் வேண்டும். படுத்தே கிடந்தால் சளி கட்டிக் காய்ச்சல் வரும், மறுபடி ஈப்போதான் என்று சொல்லியே அனுப்பினார்கள்.

தோட்டத்து லயத்து வீட்டுக்கு வந்ததும் அப்பா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தார். அம்மா கொழுந்தெடுக்கப் போனபின் நானும் பந்துகளும்தான். எல்லார் குரலிலும் கெஞ்சிப் பார்த்தேன்.

"பாதி நெஞ்சுக்காரனுக்கு எதுக்குடா பந்து விளையாட்டு?"

பெரட்டு

காலையில் ஆள்களை நிறுத்திக் கங்காணி பெயர் கூப்பிடுவதுதான் பெரட்டு. ஒருநாள் அம்மா போனதும், தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னாலிருந்து கங்காணியின் கரகரத்த குரலில் "முனியாண்டி" என்றேன். பல வருசப் பழக்கம். வந்துட்டேன் என்று அப்பா எழுந்தே விட்டார். அன்றைக்கு வாசல்வரை. அப்புறம் வடிகால்வரை. பிறகு ரோட்டு வளைவுவரை. அங்கே போவதற்குள் எல்லாரும் வேலைக்கு மலையேறியிருப்பார்கள். மூச்சு போதவில்லை என்று பந்தையும் இழுக்க ஆரம்பித்தார்.

ஆபரேஷன் ஆனதிலிருந்து பெரட்டில் அவர் பெயர் இல்லை. அங்கே தினமும் நிற்கிற அம்மாவுக்கு அது தெரியும். ஒரு சாயங்காலம் அப்பா அம்மாவிடம் சொன்னதைக் கேட்டு, அம்மா அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"என்னை இன்னும் கழிச்சுடல பாரு. தினம் பேரு கூப்பிடுறாங்க."

வெறும் திடல்

அம்மா கடைக்குப் போயிருந்த ஒரு காலையில் வழக்கம்போலக் கூப்பிட்டேன். அப்பா வளைவையும் தாண்டிப் போய்விட்டார். பயந்து பின்னால் ஓடினேன். பெரட்டுத் திடலில் பனிமூட்டமும் அப்பாவும் மட்டும். சர்ச்சுக்குப் போகிற குடும்பம் ஒன்று நல்ல உடுப்பில் அவரைக் கடந்து போனது. அதைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். என் தோளைப் பிடித்துக்கொண்டு வீடுவரை நடந்தார். கட்டிலில் உட்கார்ந்து தலையணையை எடுத்து நெஞ்சோடு இறுக்கி அணைத்துக்கொண்டார். அப்புறம்தான் சிரித்தார், கண்ணில் தண்ணீர் வழிய வழிய.

"ஞாயித்துக்கிழம பெரட்டு கூப்பிட்ட கங்காணி, நாளைக்கும் என் பேரக் கூப்பிடு லா."

லீவே இல்லாத வேலையில் கிழமை மறந்துபோகும் என்பதை யாராவது முன்னாலேயே சொல்லியிருக்கலாம்.