மிஸ் ஓனேட்டாவின் மஞ்சள் அட்டை

எங்கள் அரசு வரி அலுவலகத்தின் மூன்றாம் மாடியைப் பத்தொன்பது வருடங்களாகப் பெருக்கித் துடைத்தவர் மிஸ் ஓனேட்டா. குப்பைக்கூடையைப் பார்த்தே ஆளைச் சொல்லிவிடுவார். யார் வீட்டில் சண்டை, யார் பத்தியம் என்று சொல்லிவிட்டு டோனட் தின்கிறார்கள், எல்லாம் அவருக்குத் தெரியும். என் கூடையை முதல்முறை கவிழ்த்தபோது, "பாவம், சமைச்சுப் போட ஒரு நாதியில்ல போல," என்றார். நான் சிரித்தேன் என்று நினைக்கிறேன்.

அந்த டிசம்பரில் வாஷிங்டனில் பணம் ஒதுக்காமல் இழுத்தடித்ததில் அரசாங்கமே கதவை மூடிக்கொண்டது. கையெழுத்து வாங்கிக்கொண்டு எங்களை வீட்டுக்கு அனுப்பினார்கள். சம்பளம் கிடையாது, வேலையும் செய்யக் கூடாது. வாசலில் மிஸ் ஓனேட்டா என்னிடம் வந்து, காசு என்னாகும் என்று கேட்டார். நான் வேலைக்குச் சேர்ந்து இரண்டு வருடம்தான் ஆகியிருந்தது. மூத்தவர்கள் என்னிடம் சொன்னதைத் திருப்பிச் சொன்னேன்.

"கவலப்படாதீங்க. தொறந்ததும் மொத்தமா குடுத்துருவாங்க. எப்பவும் அப்படித்தான்."

"நெசமாவா தம்பி?"

"எல்லாருக்கும்."

அந்தக் கடைசி வார்த்தையை நான் சொல்லியிருக்க வேண்டாம்.

அவருடைய தம்பி டெல்மருக்குச் சர்க்கரை நோயில் இரண்டு கண்ணும் போய்விட்டது. இருவரும் வண்டியில் இழுத்துப்போகக்கூடிய ஒரு டிரெய்லர் வீட்டில் இருந்தார்கள். வீடு அவர்களுடையது, அது நின்ற மண் ராஸ்கோ என்பவருடையது. மண்ணுக்கு மாத வாடகை. நாற்பது வருடத் தகரம் அது, இழுத்தால் உதிர்ந்துவிடும். மண் போனால் வீடும் போயிற்று. அந்த வீட்டுக்குள் டெல்மர் யார் துணையுமில்லாமல் நடமாடுவார், சோளரொட்டி சுடுவார், காபியைச் சொட்டு சிந்தாமல் கொண்டுவந்து தருவார். வாசலைத் தாண்டினால்தான் தான் குருடன் என்பாராம்.

ஜனவரி முழுக்கப் பூட்டுத்தான். வரி கட்டியவர்கள் கடிதத்தோடு வந்து பூட்டைப் பார்த்துவிட்டுத் திரும்பினார்கள். எங்கள் மதியக் கூட்டத்தை நம்பியிருந்த எதிர் உணவகத்தில், முதலாளி கார்ல் இரண்டு பெண்களை வேலையிலிருந்து நிறுத்தினார். வாடகை கட்ட முடியாதவர்களுக்கு சர்ச்சில் நிதி சேர்த்தார்கள். பட்டியலில் மிஸ் ஓனேட்டாவின் பெயரும் இருந்தது. அவர் தன் இடத்தை, கார்ல் நிறுத்திய ஒரு கைக்குழந்தைக்காரிக்கு விட்டுக்கொடுத்தார்.

"எனக்குத்தான் மொத்தமா வரப்போவுதே. அந்தப் புள்ளைக்குக் குடுங்க," என்று போதகரிடம் சொன்னாராம். ராஸ்கோவுக்கும் அதே வாக்கைத்தான் கொடுத்திருந்தார்.

முப்பத்தைந்தாம் நாள் கதவடைப்பு முடிவுக்கு வந்தது. அடுத்த வாரம் எங்களுக்கு நிலுவைச் சம்பளம் வந்தது. யாரோ கேக் வாங்கிவந்தார்கள். ஒரு துண்டோடு மிஸ் ஓனேட்டா என் மேசைக்கு வந்தார்.

"என்னோடது எப்ப தம்பி?"

அதிகாரியிடம் போய்க் கேட்டேன். அவர் கழுத்தில் தொங்கும் அடையாள அட்டை என்ன நிறம் என்றார். எங்களுடையது நீலம். மிஸ் ஓனேட்டாவுடையது மஞ்சள். மஞ்சள் என்றால் துப்புரவு ஒப்பந்தம் எடுத்த கம்பெனியின் ஆள். வேலை நடக்காத நாளுக்கு அரசு அந்தக் கம்பெனிக்குக் காசு தராது, கம்பெனி இவருக்குத் தராது. இரண்டு வருடம் தினமும் நான் பார்த்த அட்டை அது.

வந்து சொன்னேன். அவர் கேக்கை முடிக்கவில்லை. தட்டை என் கூடையில் போட்டு, கூடையைக் கவிழ்த்து எடுத்துக்கொண்டு அடுத்த மேசைக்குப் போனார்.

ராஸ்கோ கல்நெஞ்சர் இல்லை. அவருக்கும் வங்கித் தவணை இருந்தது, ஐந்து வீட்டு வாடகை நின்றிருந்தது. வாக்குத் தவறியதும் இடத்தை வேறொருவருக்குப் பேசி முடித்துவிட்டார். என் நிலுவைப் பணத்தை ஓர் உறையில் போட்டு அவர்கள் வீட்டுக்கு நான் கொண்டுபோனபோது ஒப்பந்தம் கையெழுத்தாகியிருந்தது. மிஸ் ஓனேட்டா அந்த உறையை மடித்து என் சட்டைப்பையிலேயே வைத்தார்.

"நீ தெரியாமத்தானே சொன்ன. எனக்கு நம்பணும்னு இருந்துச்சு, நம்பிட்டேன்."

பிப்ரவரியில் ஒரு சனிக்கிழமை வீட்டைக் காலிசெய்தார்கள். தங்கை மகள் வீட்டு நிலவறைக்குப் போகிறார்கள், இறங்கப் பதினாலு படி. நானும் சாமான் தூக்கினேன். எல்லாம் வண்டியில் ஏறிய பிறகு டெல்மர் இன்னொரு தடவை உள்ளே போனார். வெறும் தரை. ஆனால் அவர் நேராக நடக்கவில்லை. மேசை இருந்த இடத்தில் இடுப்பை ஒதுக்கி வளைந்து போனார். அடுப்பு இருந்த மூலையில் சூடு பட்டுவிடாமல் கையை இழுத்துக்கொண்டார்.

மிஸ் ஓனேட்டா வாசலில் நின்று பார்த்தார். கூப்பிடவில்லை. அவரே நடந்து முடிக்கட்டும் என்று நின்றோம்.