ஜெபப் பெட்டியில் நான் போட்ட பாதிச் சீட்டு

கர்த்தருக்குப் பிரியமானவர்களே, நான் ஏழாம் வகுப்புக்கு மேல் படிக்காதவன். போர்வெல் வண்டியில் ஆந்திரா வரைக்கும் போனேன். அரியலூர்ப் பக்கம் சுண்ணாம்புக்கல் டிப்பர் ஓட்டினேன். ஓர் ஊரில் ஒரு வருஷம் சேர்ந்தாற்போல் இருந்ததில்லை. அறுபத்து மூன்று வயதில் சொந்த ஊரான எறையூருக்குத் திரும்பி வந்து, எங்கள் சின்ன சபைக்குப் போய் வந்துகொண்டிருந்தேன். எனக்கு நேர்ந்ததை நேர்ந்தபடி சொல்கிறேன்.

என் தம்பி சாமுவேல் விமானி. அடுத்தவர் வயலில் நடவு நட்ட வீட்டிலிருந்து போய், படித்து, முப்பது வருஷமாக விமானம் ஓட்டியவன். எங்கள் தெருவில் அவனுக்கு 'பிளேன்காரர்' என்றுதான் பெயர். போன வருஷம் பொங்கலுக்கு வந்தவன், கொல்லைப்பக்கம் என்னைத் தனியே கூப்பிட்டான்.

"அண்ணே, மூணு தடவ ஆயிடுச்சு. மயக்கம் இல்ல. தலசுத்தல் இல்ல. கண்ணு தொறந்துதான் இருக்கு. ஆனா ரெண்டு மூணு செகண்டு நான் அங்க இல்ல."

"வண்டி ஓட்டிக்கிட்டு இருக்கறப்பவா?"

"ஒரு தடவ எறக்கற நேரத்துல."

"பக்கத்துல இன்னொருத்தரு இருப்பாருல்ல?"

"இருந்தாரு. அவரு கவனிக்கல. அடுத்த மாசம் மெடிக்கல் இருக்குண்ணே. நானா சொன்னாத்தான் தெரியும். அறுவத்தஞ்சு வரைக்கும் ஓட்டலாம், எனக்கு இப்ப அம்பத்தொம்பது. எறங்கிட்டா நான் யாருண்ணே?"

யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டேன்.

எங்கள் சபையில் வெள்ளிக்கிழமை உபவாச ஜெபம் உண்டு. வாசலில் ஒரு மரப்பெட்டி இருக்கும். வேண்டுதலைச் சீட்டில் எழுதிப் போட்டால், போதகர் ஐயா வாசிப்பார். எல்லாரும் முழங்கால் போடுவார்கள். நான் எழுதியது இதுதான்: 'என் தம்பி மருத்துவப் பரிசோதனையில் தேற வேண்டும்.' மற்றதை எழுதவில்லை. ஆண்டவருக்குத்தான் தெரியுமே என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

மூன்று வெள்ளிக்கிழமை ஜெபித்தார்கள். விடிகாலையில் கரும்பு வெட்டப் போய்விட்டு, மத்தியானம் ஒரு வாய் சாப்பிடாமல் வந்து முழங்கால் போட்ட பெண்கள் அவர்கள். தம்பி தேறிவிட்டான். போதகர் அறிவித்ததும் சபை கைதட்டியது. உபவாசம் முடிந்து கொடுத்த கஞ்சியை நான் தொடாமல் வைத்துவிட்டேன்.

அடுத்த சனிக்கிழமை, அவன் தேறியதற்கு நன்றி சொல்லும் ஸ்தோத்திர ஆராதனைக்காகத் தம்பி தன் காரில் வந்தான். சாமான் வாங்கப் பெரம்பலூருக்குப் போனோம். அவன் ஓட்டினான், நான் பக்கத்தில் இருந்தேன். முன்னால் ஆலைக்குக் கரும்பு ஏற்றிய டிராக்டர் நின்றுகொண்டிருந்தது. பிரேக் போடுவான் என்று பார்த்தேன். போடவில்லை. திரும்பி அவன் முகத்தைப் பார்த்தேன். கண் திறந்திருந்தது. பார்வையில் ஒன்றுமில்லை. கைபிரேக்கை இழுத்தேன். கரும்புத் தோகை கண்ணாடியில் உரச, கார் நின்றது.

"ஏண்ணே நிறுத்துன?" என்றான் தம்பி. நடந்தது எதுவும் அவனுக்குத் தெரியவில்லை.

டிராக்டர்காரர் இறங்கி வந்தார். "என்னா சார், கரும்பு வேணும்னா கேட்டா ஒடச்சுத் தரமாட்டனா? கார வுட்டா உருவணும்?"

தம்பி அப்போதுதான் கண்ணாடியில் கிடந்த தோகையைப் பார்த்தான். இறங்கி எனக்கு இடம் விட்டான். திரும்பும் வழியெல்லாம் நான் மனசுக்குள் ஜெபித்தேன். 'ஆண்டவரே, பாதியை மறைத்து உம்மிடம் கேட்டேன். அவன் பின்னால் நூற்றைம்பது பேர் உட்கார்ந்திருக்கிறார்கள். நான் காட்டிக்கொடுத்தால் தம்பியை இழப்பேன், பேசாமல் இருந்தால் அவர்களை இழப்பேன். அவனாகவே இறங்கட்டும். இல்லாவிட்டால் திங்கட்கிழமை நானே அவன் ஆபீசுக்குச் சொல்ல எனக்குப் பெலன் தாரும்.'

மறுநாள் ஆராதனையில் அவனை முன்வரிசையில் உட்கார வைத்தார்கள். அவரவர் அனுபவத்தைச் சொல்லும் சாட்சி நேரத்தில் நான் எழுந்தேன்.

"நான் போட்ட சீட்டுல பாதிதான் எழுதியிருந்தேன். முக்கியமான பாதிய வுட்டுட்டேன். உங்கள தப்பா ஜெபிக்க வச்சுட்டேன், மன்னிச்சுக்குங்க. அந்தப் பாதிய நான் சொல்லக் கூடாது."

கரும்பு வெட்டும் தங்கம்மா அக்கா பின்னாலிருந்து கேட்டார். "ஏண்டா, மூணு வாரம் எங்கள பட்டினி போட்டுட்டு இப்பச் சொல்றியா? சரி, ஆனது ஆச்சு. இந்தத் தடவ முழுசா ஜெபிப்போம். விஷயம் தெரியாட்டி என்னா, அவருக்குத் தெரியும். எல்லாரும் முட்டி போடுங்க."

அவர்கள் ஜெபித்து முடித்ததும் எழுந்தது என் தம்பி. திரும்பி சபையைப் பார்த்தான்.

"அந்தப் பாதி நான்தாங்க," என்றான். மூன்று தடவை நடந்ததைச் சொன்னான். முந்தின நாள் காரில் நடந்ததையும் சொன்னான். "இனிமே நான் ஓட்ட மாட்டேன்" என்று சொல்லி உட்கார்ந்தான். யாரும் கைதட்டவில்லை. தங்கம்மா அக்கா மட்டும் வந்து அவன் தலையில் கை வைத்தார்.

திங்கட்கிழமை என் எதிரிலேயே ஆபீசுக்குப் போன் செய்து உண்மையைச் சொன்னான். திருச்சியில் டாக்டர்கள் பார்த்து, இது ஒருவகை வலிப்பு, மருந்தில் அடங்கும், ஆனால் வண்டி ஓட்டக் கூடாது என்றார்கள். ஆறு வருஷம் மீதி இருக்கும்போதே ஓய்வு எழுதிக் கொடுத்தான். முதல் இரண்டு மாதம் அறையை விட்டு வெளியே வரவில்லை. அதையும் மறைக்காமல் சொல்கிறேன்.

இப்போது அவன் எங்களோடு எறையூரில் இருக்கிறான். காரை நான் ஓட்டுகிறேன். விமானத்தில் கேப்டனுக்கு இடதுபக்க இருக்கையாம். நான் ஓட்டும் காரிலும் அவன் இடதுபக்கம்தான். "சீட்டு மாறலண்ணே, ஸ்டியரிங்தான் போயிடுச்சு" என்கிறான். ஊர் ஊராகத் திரிந்த நான், அவனுக்காக ஒரே ஊரில் தங்கியிருக்கிறேன். மேலே விமானச் சத்தம் கேட்டால் பேச்சை நிறுத்திவிடுவான். அது கடந்து போகும்வரை அதில் இருப்பவர்களுக்காக ஜெபிப்பான். நானும் சேர்ந்துகொள்வேன்.

என்னைப் பொறுத்துக்கொண்ட தேவனுக்கு நன்றி. முதல் ஜெபத்தில் நான் கேட்டதை மட்டும் கொடுத்தார். இரண்டாவதில் நான் கேட்காததையும், தம்பியோடு ஒரே ஊரில் வாழ்வதையும், சேர்த்துக் கொடுத்தார். உங்கள் கையிலும் ஒரு சீட்டு இருக்கும். எழுதக் கூசுகிற அந்த வரியையும் எழுதிப் போடுங்கள். அவர் அதைத்தான் முதலில் வாசிக்கிறார்.