செத்தவன் ஓட்டிய கொழுந்து லொறி

அக்கரப்பத்தனையில் தேயிலைக் கொழுந்து லொறி ஓட்டும் திலக்ஷன் முப்பத்தைந்து வருடமாக உயிரோடு இருக்கிறான். அரசாங்கப் பதிவிலோ, ஒரு வயதிலேயே வயிற்றோட்டத்தில் போய்ச் சேர்ந்துவிட்டான்.

உண்மையில் செத்தது அவனுடைய அண்ணன். அடுத்த பிள்ளையைப் பதியப் போனால் ஒரு நாள் வேலை கெடும் என்று அப்பா சின்னத்தம்பி மூத்தவனின் பெயரையும் பிறப்புச் சான்றிதழையும் இளையவனுக்கே கொடுத்துவிட்டார். மூத்தவன் சட்டையைச் சின்னவனுக்குப் போடுவதுபோலத்தான். பள்ளிக்கூடம், அடையாள அட்டை, லைசன் எல்லாம் அதிலேயே ஓடின.

ஏழு பேர்ச் அளவுக் காணியும் வீடும் உறுதிப் பத்திரத்தோடு கையில் வந்த மறுவருடம் சின்னத்தம்பி இறந்தார். மரண சாசனம் எழுதவில்லை. மனைவி முன்பே இறந்துவிட்டாள். சட்டப்படி வீடு பிள்ளைக்கு. பிள்ளை இல்லையென்றால் கூடப்பிறந்தவருக்கு.

கூடப்பிறந்தவர் கந்தப்பளையில் இருக்கும் தம்பி முத்துலிங்கம். அண்ணன் படுக்கையில் கிடந்த ஐந்து மாதமும் எட்டிப் பார்க்காத மனிதர், மூத்த பிள்ளையின் மரணச் சான்றிதழை மட்டும் அலைந்து தேடி எடுத்துவந்தார்.

காணி உத்தியோகத்தர் தலையைச் சொறிந்தார்.

"தம்பி, நீங்க செத்து முப்பத்தாறு வருஷமாச்சே. ரெண்டாவது புள்ளைன்னா பொறந்ததப் பாத்தவங்க வேணும்."

பார்த்தவர்களில் உயிரோடு மிஞ்சியவர் முத்துலிங்கம் ஒருவர்தான். அப்பாவைக் குளிப்பாட்டி, சோறு ஊட்டிய திலக்ஷன் அவர் பக்கம் திரும்பினான்.

"சித்தப்பா, நான் பொறந்தப்ப மருத்துவச்சியக் கூட்டியாந்ததே நீங்கதான்னு அப்பா சொல்லுவாரு."

"வயசாயிருச்சுங்க சேர்," என்றார் முத்துலிங்கம், உத்தியோகத்தரைப் பார்த்து. "ஒண்ணும் ஞாபகமில்ல."

வீடு தனக்கே என்று முத்துலிங்கம் சத்தியம் செய்து எழுதிக் கொடுத்திருந்த கடதாசியை உத்தியோகத்தர் புரட்டினார். முதல் பக்கத்தில் அண்ணனுக்கு வாரிசே இல்லை. மூன்றாம் பக்கம் போவதற்குள் எழுதிய மனிதருக்குக் கோபம் ஏறிவிட்டது. உத்தியோகத்தர் அதைச் சத்தமாக வாசித்தார்:

"'அண்ணனுக்குக் கொள்ளி வைத்த அவர் மகன் சாவியைத் தர மறுக்கிறான். மூத்தது செத்த பிறகு பிறந்ததென்று நாங்கள்தான் செல்லம் கொடுத்துக் கெடுத்துவிட்டோம்.'"

உத்தியோகத்தர் கடதாசியை மூடிவிட்டு முத்துலிங்கத்தைப் பார்த்தார்.

"சமாதான நீதவான் முன்னால கையெழுத்தும் வச்சிருக்கீங்க ஐயா. இதவிட நல்ல சாட்சி எங்க கிடைக்கும்?"

பிறப்பைப் பதியும் படிவம் மேசைக்கு வந்தது. முத்துலிங்கம் சட்டைப்பையைத் தடவினார், பேனா இல்லை. திலக்ஷன் கண்ணைத் துடைத்துக்கொண்டு தன்னுடையதைத் திறந்து நீட்டினான்.

"இந்தாங்க சித்தப்பா."