பென்சில் போட்ட வட்டம்

கட்சி அலுவலகத்தில் அந்தப் பிளம்பருக்குப் பென்சில் என்று பெயர். காதில் எப்போதும் ஒன்று செருகியிருக்கும். இருபத்திரண்டு வருடமாகத் தேர்தல் வந்தால் போதும், மனுஷன் குழாய் வேலையைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு, வாக்காளர் பட்டியலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வீடு வீடாக ஏறி இறங்குவார். படியிறங்கியதும் பெயருக்கு நேரே குறி விழும். நம்ம ஓட்டு என்றால் டிக். கை நழுவியது என்றால் வட்டம்.

அவர் கணிப்பு தலைகீழ். வாசலில் நிறுத்தி வைத்துத் திட்டுகிற வீட்டுக்கு டிக். "கண்டிப்பா உங்களுக்குத்தான், தண்ணி குடிக்கிறீங்களா?" என்று வாய் நிறையச் சிரிக்கிற வீட்டுக்கு வட்டம். "உரிமை இருக்கிறவன்தான்யா சண்டை போடுவான். மனசு மாறினவன் மரியாதையா அனுப்பி வெச்சிருவான்" என்பார். இதுவரை பிசகியதில்லை.

இந்தத் தடவை கட்சி வேலைக்கு வந்து சேர்ந்தான் மச்சினன், மனைவியின் ஒரே தம்பி. செல்போன் கடை வைத்திருப்பவன். வாய்க்கு வாய் மாமா, மாமா என்பான். மாமாவுக்கோ அவனைக் கண்டாலே பற்றிக்கொண்டு வரும்.

ஒருநாள் இருவரும் ஒரே தெருவில் இறங்கினார்கள். ஓய்வுபெற்ற டீச்சர் ஒருவர் பென்சிலை வாசலிலேயே மடக்கிக்கொண்டார். "சாக்கடையப் பத்தி எத்தனை தடவைய்யா சொல்றது? இந்தப் பக்கம் வர வெக்கமா இல்ல?" பக்கத்து வீட்டிலோ மச்சினனுக்கு நாற்காலி, ஜூஸ், ஒரே சிரிப்பு. வெளியே வந்தவன் செல்போனில் பச்சைக் குறி போட்டான்.

"பாத்தீங்களா மாமா? சிரிச்சுப் பேசினா போதும்."

"போடா, போ. அந்த வீடு போச்சு" என்று பென்சில் வட்டம் போட்டார். ஆனாலும் வயிறு எரிந்தது. இத்தனை வருடத்தில் ஒருத்தராவது அவருக்கு ஒரு ஸ்டூல் எடுத்துப் போட்டிருப்பார்களா! அலுவலகத்தில் செயலாளர் மச்சினனைத் தோளில் தட்டிக் கொடுத்தபோது அந்த எரிச்சல் இரண்டு மடங்காயிற்று.

அதோடு விட்டானா? வார்டு பொறுப்பாளர் பதவிக்கும் அவனே போட்டியாக நின்றான். பென்சில் பத்து வருடமாகக் காத்திருந்த பதவி. ஞாயிற்றுக்கிழமை உறுப்பினர்கள் சீட்டில் பெயர் எழுதிப் போடுவார்கள். போட்டியாளர் இருவரும் போக இருபத்தொன்பது பேர். பென்சில் உறுப்பினர் பட்டியலோடு வீடு வீடாகப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். பதினாலு பேர் கிழிகிழியென்று கிழித்தார்கள், டிக். பதினாலு பேர் பல்லைக் காட்டினார்கள், வட்டம்.

மிச்சம் ஒருத்தி. ஆள் சேர்க்க வேண்டுமென்று அவரே உறுப்பினராக்கிய மனைவி. அவள் ஓட்டுக்கு என்ன பயம்! கல்யாணமான நாளிலிருந்து அவரைத் திட்டாமல் அவளுக்குப் பொழுது போனதில்லை. "ஊரார் வீட்டுக் கதவையெல்லாம் தட்டுறீங்க, நம்ம வீட்டுக் குழாய் ஒழுகுறது கண்ணுக்குத் தெரியலயா?" என்று நேற்று வரைக்கும் கத்தியவள்தானே.

சனிக்கிழமை மத்தியானம் சமையலறை வாசலில் நின்று, பேச்சுவாக்கில் கேட்பதுபோல் கேட்டார்.

"நாளைக்கு எனக்குத்தானே எழுதுவே?"

அவள் கையைத் துடைத்துக்கொண்டு திரும்பினாள். குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. முகம் நிறையச் சிரித்தாள்.

"என்னங்க கேள்வி இது? கண்டிப்பா உங்களுக்குத்தான். தண்ணி குடிக்கிறீங்களா?"

"குடு" என்றார். அவள் டம்ளரை எடுக்கத் திரும்பியதும், காதிலிருந்த பென்சிலை உருவி, மனைவி பெயருக்கு நேரே வட்டம் போட்டார்.