செல்வி பிடித்த நாடி

வறுத்த கடலையின் எண்ணெய் ஏறி, ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, பிரிக்கும்போது மெல்லச் சத்தம் போடும் பழைய சீட்டுக்கட்டு ஒன்று பாப்பாரப்பட்டியில் எங்கள் வீட்டு அலமாரியில் கிடந்தது. அறுபதுகளின் கடைசியில், பதினொரு வயதில் எனக்கு அம்மை போட்டிருந்த நாட்களில் அதுதான் துணை. பாயில் படுத்தபடி கலைப்பதும் அடுக்குவதுமாக இருந்தபோது, யாரும் சொல்லித் தராமல் ஒரு வித்தையை நானே கண்டுபிடித்தேன். கட்டின் ‘அடிச்சீட்டை’ முதலில் பார்த்து வைத்துக்கொள்ள வேண்டும். எதிராளி ஒரு சீட்டை உருவிப் பார்த்துவிட்டுக் கட்டின் மேலே வைப்பார். கட்டை இரண்டாகப் பிரித்து அடிப்பாதியை மேலே தூக்கி வைத்தால், நாம் பார்த்த சீட்டு அவருடையதன்மேல் போய் உட்கார்ந்துகொள்ளும். அப்புறம் திருப்பிப் போட்டுக்கொண்டே வந்தால், நம் சீட்டுக்கு அடுத்தது அவருடையது. பலருக்கும் தெரிந்த பழைய வித்தை அது என்பது பிற்பாடுதான் தெரிந்தது; அன்றைக்கு அது என்னுடையது.

அம்மை இறங்கித் தலைக்குத் தண்ணீர் ஊற்றியதும், பக்கத்துத் தெருவிலிருந்த சித்தி மகள் செல்விக்குத்தான் முதலில் செய்து காட்டினேன். என்னைவிட ஆறு மாதம் இளையவள். பெருமை தாங்காமல் சூட்சுமத்தையும் சொல்லிவிட்டேன்.

அந்தத் தை மாதம் அதியமான்கோட்டையில் பெரியப்பா வீட்டில் காதுகுத்து. சாப்பாடு முடிந்து பெண்கள் வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தபோது நான் கட்டை எடுத்தேன். பெரியம்மா உருவிப் பார்த்த ‘ஆட்டின்’ ஏழாம் சீட்டைச் சரியாக எடுத்துப் போட்டேன். கெட்டிக்காரிதான் என்று சொல்லிவிட்டுப் பெரியம்மா பாக்கு வெட்டப் போய்விட்டாள்.

செல்வி கட்டை வாங்கிக்கொண்டு நேராகச் சின்ன அத்தையிடம் போனாள். புருஷன் போய் ஒரு வருஷமாகியிருந்த அத்தை, விசேஷத்தில் முன்னுக்கு வராமல் சமையலறைப் பக்கமே உட்கார்ந்திருந்தாள். செல்வி அடிச்சீட்டை எப்போது பார்த்தாள் என்று எனக்கே தெரியவில்லை. அத்தை ஒரு சீட்டை உருவிப் பார்த்துவிட்டு மேலே வைத்ததும், கட்டைப் பிரித்து வைத்து, எல்லாச் சீட்டையும் முகம் தெரியத் தரையில் விரித்தாள். வைத்தியரைப் போல அத்தையின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

“எதுன்னு சொல்லாதீங்க அத்தை. மனசுல நெனைங்க, போதும். உங்க நாடி எனக்குச் சொல்லிரும்.”

அத்தையின் விரலைச் சீட்டுகளின் மேல் மெதுவாக நகர்த்தினாள். சரியான சீட்டைத் தாண்டிப் போனாள். தயங்கினாள். திரும்பி வந்து நிறுத்தினாள். ‘இஸ்பேடு’ ராணி. அத்தை சிரித்தாள். அந்தச் சிரிப்பைக் கேட்டு வெற்றிலையை விட்டுவிட்டுப் பெண்களெல்லாம் அங்கே கூடி, எனக்குப் பார், எனக்குப் பார் என்று கையை நீட்டினார்கள்.

நான் குறுக்கே புகுந்து கத்தினேன்.

“எல்லாம் பொய்யி. அடிச்சீட்டப் பாத்து வச்சிக்கிட்டா. நாடியுமில்ல ஒண்ணுமில்ல. நாந்தான் அவளுக்குச் சொல்லிக் குடுத்தேன்.”

செல்வி தலையைக் குனிந்துகொண்டாள். ஆனால் பிடித்த கையை விடவில்லை. அத்தைதான் பேசினாள்.

“என்னமோ சூது இருக்குதுன்னு தெரியாதா கண்ணு. ஒரு வருசமாச்சு, ஒருத்தரும் இந்தக் கையத் தொடல.” பிறகு செல்வி பக்கம் திரும்பி, “நீ இன்னொருக்கா பாரு சாமி” என்றாள்.

இன்னொரு கையையும் அவளிடமே நீட்டினாள். பக்கத்தில் நான்தான் உட்கார்ந்திருந்தேன். வெட்கம் வர எனக்குப் பல வருஷங்களாயின. அன்றைக்கு வந்தது பொறாமை மட்டும்தான். அத்தனை நாள் அந்தக் கட்டோடு படுத்துக் கிடந்தும், ஒருவர் கையைப் பிடித்துக்கொள்ளலாம் என்று எனக்கு ஏன் தோன்றவில்லை என்பதே தாங்கமுடியாமல் இருந்தது. வீட்டுக்கு வந்ததும் கட்டை வெந்நீர் அடுப்பில் போட்டேன். அப்பா தேடினார். செல்வி அதைப் பற்றிக் கேட்கவே இல்லை.

அத்தை இப்போது இல்லை. சாலையை அகலப்படுத்தியதில் பெரியப்பாவின் அந்த வீடும் போய்விட்டது. போன மாதம் செல்வி வந்திருந்தபோது, அத்தைக்கு நாடி பார்த்தாயே, நினைவிருக்கிறதா என்று கேட்டேன்.

“நானாக்கா? எனக்கு ரம்மிகூட ஆடத் தெரியாதே” என்றாள். விளையாட்டுக்குச் சொல்லவில்லை, உண்மையாகவே மறந்துவிட்டிருந்தாள். நினைவில் வைத்துக்கொள்ளும் அளவுக்கு அது அவளுக்குப் பெரிய காரியமாக இருந்திருக்கவில்லை. அவளுக்குக் காப்பி ஆற்றிக் கொடுத்துக்கொண்டிருந்த எனக்கு, அதுவும் பொறாமையாகத்தான் இருந்தது.